சிறு மோட்டார் வண்டியின் எஞ்சின் பிறந்த இடம் யாது?

மோட்டார் வண்டியொன்று புதிதாக ஊருக்குள் வந்து நிற்குமாயின், அதனைச் சூழ்ந்து நிற்போர் முதலிற் கேட்கும் வினா, "இஃது எந்நாட்டு வண்டி?" என்பதாகும். வண்டிக்குரியவரும் தயங்காது, "இங்கிலாந்து" என்றோ "யப்பான்" என்றோ விடை பகர்ந்துவிடுவர். முகப்பிற் பொறித்திருக்கும் பெயரே அவ்விடைக்கு ஆதாரமாம். பெயரைக் கொண்டு நாட்டைத் துணிதல் எளிது. ஆயின், முன்மூடியைத் திறந்து உள்ளேயிருக்கும் எஞ்சினைச் சுட்டி, "இஃது எங்கே பிறந்தது?" எனக் கேட்போமாயின் விடை அத்துணை எளிதன்று. எஞ்சினை எண்ணிப் படமாக வரைந்த இடம் ஒன்று. இரும்பை உருக்கி வார்த்துக் கடைந்து பூட்டிய இடம் பிறிதொன்று. அவ்வாறு கடையும் பெரும்பொறிகள் ஆக்கப்பட்ட இடம் இன்னுமொன்று. இம்மூன்றனுள் ஈற்றில் நின்றதைப் பெரும்பாலோர் நினைப்பதேயில்லை. எஞ்சினின் வரலாற்றைப் பெரிதும் ஆள்வது அதுவே என்பது எமது துணிபு.

இதனை ஆராய்வதற்கு, நம்மவர் நன்கறிந்த வண்டியொன்றையே எடுத்துக்கொள்வாம். இலங்கையில் ஆசிரியரும் வைத்தியரும் இலிகிதரும் தம் சேமிப்பிற்கேற்ற வண்டியென விரும்பி வாங்கியது மொறிஸ் மைனர். 1948 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட இவ்வண்டி, 1970 களின் தொடக்கம் வரையிற் பதினாறு இலக்கத்துக்கு மேற்பட்ட தொகையாக ஆக்கப்பட்டது. இதனோடு உடன்பிறப்புப் போல எண்ணத்தக்கது 1959 இல் வெளிவந்த மினி. இரண்டையும் எண்ணிப் படைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் ஒருவரே. 1906 இற் சிமேர்ணா நகரிற் பிறந்து, பின்னர் இங்கிலாந்திற் குடியேறியவர் அவர். இரண்டினுள்ளும் ஓடியது ஒரே குடும்பத்து எஞ்சின். அவ்வெஞ்சினையோ இசிகோனிஸ் படைத்தாரல்லர். மொறிஸ் நிறுவனமும் படைத்ததன்று.

மொறிஸ் வண்டிகளின் எஞ்சின் வரலாறு தொடக்கத்திலிருந்தே இத்தகையதுதான். வில்லியம் மொறிஸ் என்பார் ஒக்ஸ்போட் நகரிற் சைக்கிள் திருத்தும் தொழிலிலிருந்து மேலெழுந்தவர். 1913 இல் அவர் தம் முதல் வண்டியை விற்றபோது, அதன் பகுதிகளுட் பெரும்பாலானவற்றைப் பிறரிடமிருந்தே வாங்கிப் பூட்டினார். எஞ்சினைக் கொவென்றி நகரிலிருந்த வைற் அன்ட் பொப்பே என்னும் நிறுவனம் கொடுத்தது. அந்நிறுவனத்தின் பங்காளரான பொப்பே நோர்வே நாட்டவர். அடுத்து, விலை குறைந்த வண்டியொன்றை ஆக்க விரும்பிய மொறிஸ் 1914 இல் அமெரிக்கா சென்றார். அங்கே டிற்றோயிற் நகரின் கொன்ரினென்ரல் நிறுவனம், கொவென்றி விலையின் பாதிக்கும் குறைவான விலைக்கு எஞ்சின் தர இசைந்தது. எனவே 1915 இல் வெளிவந்த மொறிஸ் கௌலி என்னும் "ஆங்கில" வண்டியின் எஞ்சின் அமெரிக்க நாட்டதாயிற்று. முதலாம் உலகப் போரின் பின்னர் அவ்வகை எஞ்சினைக் கொன்ரினென்ரல் நிறுவனம் கைவிட்டது. அதனையே ஆக்கித் தருமாறு மொறிஸ் ஹொட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் கொவென்றிக் கிளையை வேண்டிக்கொண்டார். போர்க்காலத்தில் இயந்திரத் துப்பாக்கி செய்தற்பொருட்டு இங்கிலாந்திற் கால்கொண்ட கிளை அது. போர் முடிந்ததும் வேலையின்றி இருந்தது. 1923 இல் மொறிஸ் அக்கிளையையே விலைக்கு வாங்கிவிட்டார்.

ஈண்டு ஒரு சிறு செய்தியைக் கூறாது செல்லுதல் இயலாது. ஹொட்ச்கிஸ் தொழிற்சாலையின் கடைசற்பொறிகள் பிரெஞ்சு நாட்டு மில்லிமீற்றர் அளவிற் புரி வெட்டுவன. ஆங்கிலத் திருத்தகங்களில் இருந்த சாவிகளோ விற்வேத் என்னும் அங்குல அளவுக்குரியன. புதுப்பொறிகள் வாங்குவதெனின் பெருஞ்செலவு. நாட்டிலுள்ள சாவிகளையெல்லாம் மாற்றுதலும் ஒவ்வாது. ஆகவே, தண்டில் மில்லிமீற்றர்ப் புரியும் தலையில் ஆங்கில அளவும் கொண்ட கலப்புமணப் புரியாணிகள் பிறந்தன! கொவென்றி எஞ்சின்களில் இவ்வழக்கம் 1950 களின் நடுப்பகுதி வரை நீடித்தது; எம்.ஜி. வண்டிகளின் எஞ்சினைப் பழுதுபார்த்தோர் இதனை நன்கறிவர். நிறுவனம் கைமாறியது, உடைமையாளர் மாறினர், வரைபடங்களும் மாறின; கடைசற்பொறியின் பழக்கம் மட்டும் முப்பது ஆண்டுகள் மாறவில்லை.

இனி மைனருக்கு வருவாம். இசிகோனிஸ் இவ்வண்டிக்கென, உருளைகள் இருபுறமும் கிடையாகப் படுத்திருக்கும் புதுவகை எஞ்சினொன்றை விரும்பினார். செலவும் காலமும் இடங்கொடாமையால் அது கைவிடப்பட்டது. 1948 இன் மைனரில் வைக்கப்பட்டது, போருக்கு முன்னைய மொறிஸ் எயிற் வண்டியின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினே. அதில் வால்வுகள் உருளையின் பக்கத்தே நின்றன. எரிபொருட் கலவை பக்கவறையொன்றின் வழியே வளைந்து புகுந்து, வளைந்தே வெளியேறல் வேண்டும். இவ்வமைப்பு ஆக்குதற்கு எளியது, ஓசை குறைந்தது. ஆயின் எரிபொருளின் வலுவிற் பெரும்பகுதியை வீணாக்குவது. புதிய உடலில் முதிய நெஞ்சு என்று இதனைச் சொல்லலாம்.

நல்ல நெஞ்சு அவ்வேளையிற் பகைவர் மனையில் வளர்ந்துகொண்டிருந்தது. பேர்மிங்காம் நகரின் தென்மேற்கு எல்லையிலுள்ள லோங்பிறிட்ஜ் என்னுமிடத்தில், முன்னர் அச்சுத் தொழிலகமாயிருந்து பாழடைந்து கிடந்த கட்டடங்களை வாங்கி, 1905 இல் ஹேபேட் ஒஸ்ரின் தம் தொழிற்சாலையை நிறுவினார். 1922 இல் அங்கே பிறந்த ஒஸ்ரின் செவின், இங்கிலாந்தின் சிறுவண்டிகளுக்கெல்லாம் முன்னோடி. ஒஸ்ரின் 1941 இற் காலமானார். அவர்க்குப்பின் அந்நிறுவனத்தைச் செலுத்தியவர் லெனாட் லோட். இவர் முன்னர் மொறிஸின் கீழ்ப் பணியாற்றி, 1936 இல் அவரோடு பிணங்கி விலகி, இரண்டாண்டின் பின்னர் ஒஸ்ரினிற் சேர்ந்தவர். பழைய தலைவரை வெல்லுதல் வேண்டும் என்னும் எண்ணம் லோட் அவர்களின் செயல்கள் பலவற்றுக்குக் காரணமாயிருந்தது என்பர்.

1951 இல் ஒஸ்ரின் நிறுவனம் ஏ-30 என்னும் சிறுவண்டியை வெளியிட்டது. அதற்கென லோங்பிறிட்ஜில் வரையப்பட்ட எஞ்சினே பின்னர் "ஏ வரிசை" எனப் பெயர்பெற்றது. வரைந்த குழுவில் முதன்மையானவர் எரிக் பேர்ஹாம். அவர் வெறுந்தாளிலிருந்து தொடங்கினாரல்லர். 1947 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40 வண்டியின் 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சினைச் சுருக்கியதே இஃது எனலாம். வார்ப்பிரும்பாலாய நான்கு உருளைகள். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 58 மில்லிமீற்றர். பிஸ்ரன் மேலும் கீழும் ஆடும் தூரம் 76.2 மில்லிமீற்றர், அஃதாவது சரியாக மூன்று அங்குலம். மொத்தக் கொள்ளளவு 803 கன சென்ரிமீற்றர். வால்வுகள் உருளையின் தலைமேல் நிற்கும். அவற்றை இயக்கும் தண்டோ கீழே வார்ப்பினுள் இருந்து, நெடிய கோல்களால் அவற்றைத் தள்ளித் திறக்கும். கலவை எரியும் அறையின் வடிவத்தை ஹரி வெஸ்லேக் என்னும் வல்லுநர் வகுத்தார். உள்வரு வால்வுக்கும் வெளிச்செல் வால்வுக்கும் இடையே மேட்டு முனையொன்று நீண்டிருப்பதால், மேலிருந்து நோக்குவார்க்கு அவ்வறை சீட்டுக்கட்டின் ஆட்டின் போலத் தோன்றும். எஞ்சினை வண்டியின் இதயம் என்று கூறுதல் வழக்கு; இவ்வெஞ்சினிலோ நான்கு இதயங்கள் உள. அம்மேடு கலவையைச் சுழலச் செய்து விரைவாகவும் முழுமையாகவும் எரிய உதவியது. அதன் பயன் யாதெனின், பழைய 918 எஞ்சின் தந்தது இருபத்தேழரைப் பரிவலு. கொள்ளளவிற் சிறியதான 803 எஞ்சின் மைனரிற் தந்தது முப்பது.

மைனருக்கு இவ்வெஞ்சின் கிடைத்தது பொறியியலாராய்ச்சியால் அன்று, வாணிகத்தால். 1952 இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாகிப் பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் ஆயின. தலைமை விரைவில் லோட் கைக்கு வந்தது. ஒரே அளவான வண்டிகளுக்கு இருவேறு எஞ்சின்கள் ஆக்குதல் வீண்செலவு என்பது வெளிப்படை. அவ்வாண்டிலிருந்தே மைனரின் பழைய எஞ்சின் எடுக்கப்பட்டு, லோங்பிறிட்ஜ் எஞ்சின் அதனிடத்தே வைக்கப்படலாயிற்று. மொறிஸ் என்னும் பெயர். ஒக்ஸ்போட்டுக்கு அணித்தான கௌலியில் ஆக்கிய உடல். ஒஸ்ரின் வரைந்த எஞ்சின். நம் தந்தையர் ஓட்டிய மைனர்களிற் பெரும்பாலானவை இத்தகையனவே.

எஞ்சின் ஆக்கப்படும் முறையைச் சிறிது விரித்துரைத்தல் இவ்விடத்துத் தகும். உருளைகளைக் கொண்ட பெருங்கட்டை முதலில் மணலச்சில் வார்க்கப்படும். அதனுள்ளே நீரோடும் வெற்றிடங்கள் உண்டாகும்பொருட்டு, மணலாற் செய்த உட்கருக்கள் வைக்கப்பட்டு, வார்ப்பு ஆறியபின் உடைத்து வெளியே கொட்டப்படும். இங்ஙனம் கிடைக்கும் கட்டை முரடானது. அதன் முகங்களைச் சீவுதல், உருளைகளைக் குடைந்து மெருகிடுதல், கிராங்குத் தண்டு கிடக்கும் தாங்கிகளை ஒரே நேர்கோட்டிற் குடைதல், நூற்றுக்கணக்கான துளைகளை இட்டுப் புரி வெட்டுதல் என வேலைகள் தொடரும். முற்காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறி, ஒரு தொழிலாளி என்றிருந்தது. இவற்றையெல்லாம் ஒரே வரிசையிற் கோத்து, கட்டை தானே பொறிக்குப் பொறி நகர்ந்து செல்லுமாறு செய்யும் முயற்சியை ஏறத்தாழ 1924 இற் கொவென்றியில் மொறிஸ் எஞ்சின் தொழிற்சாலையில் பிறாங்க் வூலாட் என்பவர் மேற்கொண்டார். எண்ணம் சிறந்தது, ஆயின் அக்காலத்து மின்னாளிகளும் காற்றழுத்த ஆளிகளும் நம்பத்தக்கனவாய் அமையவில்லை. பொறிவரிசையைப் பிரித்துத் தனித்தனிப் பொறிகளாக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பின்னரே அவ்வெண்ணம் லோங்பிறிட்ஜிற் கைகூடியது. ஏ வரிசை எஞ்சின்கள் அத்தகைய தானியங்கு நகர்வுப்பொறிகளிற் கடையப்பட்டன. அப்பொறிகளுட் பலவற்றை ஒஸ்ரின் நிறுவனமே வடிவமைத்துக்கொண்டது.

இப்பொறிவரிசைகள் மிக்க விலையுடையன. நான்கு உருளைகளையும் ஒருங்கே குடையும் துரப்பணங்கள், ஒன்றற்கொன்று குறித்த தூரத்தில் அசையாது நிறுவப்பட்டவை. வரைபவர் உருளையின் நடுப்புள்ளியைச் சிறிது நகர்த்தினாலும் பொறிவரிசை முழுவதையும் கலைத்தல் வேண்டும். எனவே, எஞ்சினைப் பெருக்க விரும்பியோர் அதே கட்டையின் நீளத்துக்குள்ளேயே இடந்தேடினர். 1956 இல் மைனர் 1000 வந்தபோது கொள்ளளவு 948 ஆயிற்று. உருளையின் விட்டம் 62.9 மில்லிமீற்றராகப் பெருகியதால், முதலிரண்டு உருளைகளுக்கு இடையேயும் இறுதியிரண்டு உருளைகளுக்கு இடையேயும் நீரோடுதற்கு இருந்த இடைவெளி ஒழிந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் போல அவை இணைந்தன. 1962 இல் விட்டமும் ஆட்டத்தின் நீளமும் கூடி 1098 ஆயிற்று. 1963 இல் ஓட்டப்பந்தயத்துக்குரிய மினி கூப்பர் எஸ் வண்டிக்கு மேலும் விட்டம் வேண்டப்பட்டபோது, வெளிப்புற உருளைகள் இரண்டையும் சற்று வெளிநோக்கியும், உட்புற இரண்டையும் ஒன்றையொன்று நெருங்கியும் நகர்த்தினர். இவ்வழியில் வந்த 1275 கன சென்ரிமீற்றரே ஏ வரிசையின் எல்லை. 803 இலிருந்து 1275 வரை கட்டையின் வெளியுருவம் பெரிதும் மாறாதிருந்தது என்பது வியப்புக்குரியது. இதனைச் சிக்கனம் என்பாரும் உளர். சோம்பல் என்பாரும் உளர். எம்மைக் கேட்பின், 1960 கள் வரை சிக்கனம், அதன்பின் சோம்பல் என்போம்.

பொறியே வரைபடத்தை ஆளும் என்பதற்கு யப்பானிலிருந்தும் சான்றுண்டு. நிசான் நிறுவனம் 1952 இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து, அதன் வண்டிகளைத் தன் நாட்டிற் பூட்டவும் பின்னர் முழுவதும் ஆக்கவும் உரிமை பெற்றது. சில ஆண்டுகளில் 1489 கன சென்ரிமீற்றர் ஒஸ்ரின் எஞ்சினை ஆக்கும் பொறிவரிசை யப்பானில் எழுந்தது. அதன்பின் தன் சிறுவண்டியான டற்சனுக்கு ஆயிரம் கன சென்ரிமீற்றர் அளவில் எஞ்சினொன்று வேண்டியிருந்தது. நிசானின் இளம்பொறியியலாளர் புதிதாக வரைய விரும்பினர். அந்நிறுவனத்துக்கு அறிவுரையாளராயிருந்த டொனல்ட் ஸ்ரோன் என்னும் அமெரிக்கரோ அதனை மறுத்தார். உருளையின் விட்டம் ஏறத்தாழ 73 மில்லிமீற்றராகவே இருக்கட்டும். பிஸ்ரனின் ஆட்டத்தை மட்டும் 89 மில்லிமீற்றரிலிருந்து 59 ஆகக் குறைத்துவிடுங்கள் என்றார். கொள்ளளவு 988 ஆயிற்று, பொறிவரிசை கலையவில்லை. ஆட்டம் குறுகியமையால் எஞ்சின் விரைவாகச் சுழலவும் வல்லதாயிற்று. 1950 களின் இறுதியில் டற்சன் வண்டிகள் கடல்கடந்து நற்பெயர் பெற்றமைக்கு இவ்வெஞ்சின் பெருந்துணை. இவ்வெஞ்சினை ஆங்கில நாட்டது என்பதா, யப்பான் நாட்டது என்பதா, அமெரிக்கர் வகுத்தது என்பதா?

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவாம். 1956 இற் சூயசுக் கால்வாய் நெருக்கடியால் அங்கே பெற்றோல் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. எரிபொருளைச் சிறிதே உண்ணும் வண்டியொன்று உடனே வேண்டும் என லோட் பணித்தார். இருக்கும் எஞ்சினைத்தான் பயன்படுத்தல் வேண்டும் எனவும் வரையறுத்தார். மூன்றே ஆண்டுகளில், 1959 ஓகஸ்ற் 26 ஆம் நாள், மினி வெளிவந்தது. இசிகோனிஸ் எஞ்சினை நெடுக்காக வையாது குறுக்காக வைத்தார். கியர்பெட்டியை எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள் அமைத்தார். முன்சக்கரங்களே வண்டியை இழுக்கச் செய்தார். எஞ்சினும் கியர்ப் பற்சக்கரங்களும் ஒரே எண்ணெயிற் குளித்தன. பத்தடி நீளமேயுள்ள வண்டியில் நால்வர் அமர இடம் பிறந்தது இவ்வாற்றான். முதன்மாதிரி வண்டிகளில் எஞ்சினின் காபரேற்றர் முன்னோக்கி நின்றது. ஆக்கத்துக்கு முன்னர் எஞ்சின் அரைவட்டமாகத் திருப்பப்பட்டது. குளிர்காற்றிற் காபரேற்றர் உறைந்தது என்பது கூறப்பட்ட காரணம். பற்சக்கரங்களின் தேய்வே உண்மைக் காரணம் என்பாரும் உளர். திருப்பியதன் விளைவாகத் தீப்பொறி பங்கிடும் கருவி முன்னே வந்து மழைநீருக்கு இலக்காயிற்று. முதற்காலத்து மினிகள் மழையில் நின்றுபோனமை அவ்வண்டியை அறிந்தார் யாவரும் அறிவர். 948 எஞ்சினோடு மணிக்குத் தொண்ணூறு மைலுக்கு மேல் ஓடியமையால், அவ்வேகம் பொதுமக்களுக்கு மிகையெனக் கருதி, பிஸ்ரனின் ஆட்டத்தைக் குறைத்து 848 ஆக்கினர். அதே எஞ்சினின் வலுவைக் கூட்டிய மினி கூப்பர் எஸ், மொன்ரே காளோப் போட்டியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வெற்றி கண்டது.

இவ்வெஞ்சின் குடும்பத்தின் இயல்பொன்று நம் நாட்டிற் புலப்பட்டவாறு வேறெங்கும் புலப்பட்டதோ என்பது ஐயம். 1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட ஆண்டுகளில், ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய வண்டிகளே மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு உயிர்ப்பித்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கமாயிருந்தது. பிற்கால வண்டிகளில் இஃது இயலாமைக்குக் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் மிகையாக நெருக்கப்படின் தீப்பொறிக்கு முன்னரே எரிந்து எஞ்சினை அதிரச் செய்யும். 803 எஞ்சினின் நெருக்கல் விகிதம் ஏழுக்குச் சிறிது மேற்பட்டதே. 1951 இல் இங்கிலாந்திற் கிடைத்த இழிந்தவகைப் பெற்றோலை எண்ணி அவ்வாறு வகுத்தனர். மேலும் மண்ணெண்ணெய் ஆவியாதற்கு வெப்பம் வேண்டும். ஏ வரிசையில் உள்வரு குழாயும் புகைபோகு குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்றலால், புகையின் வெப்பம் உள்வரு கலவையைச் சூடேற்றியது. லோங்பிறிட்ஜில் வரைந்தோர் குளிர்நாட்டுக் காலைப்பொழுதை நினைந்து செய்த ஏற்பாடு, அவர் கனவிலும் காணாத ஊரில் நோயாளரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல உதவியது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வழியே இறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தமையால், தாங்கிகள் விரைவில் தேய்ந்தன. அவற்றை உள்ளூர்க் கராஜ்களிலேயே கடைந்து பொருத்தினர். இங்ஙனம் எஞ்சினின் வரைபடம் தாளில் அன்றித் தொழிலாளரின் கைகளில் வந்து தங்கியது. அவர்கள் அதனை வடிவமைத்தவரல்லர். எனினும் அவ்வெஞ்சினை அவர்போல் அறிந்தார் இங்கிலாந்திலும் அருகியிருப்பர் என்பது எமது எண்ணம். பின்னாளில் மைனருக்குரிய உடற்றகடுகள் இலங்கையில் ஆக்கப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மைனர் நிலையத்துக்கு அனுப்பப்பட்டமையும் ஈண்டு நினைத்தற்குரியது. பெற்ற நாட்டுக்கே பிள்ளையின் உறுப்புக்கள் திரும்பிச் சென்றன.

ஏ வரிசை எஞ்சின்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டன ஆக்கப்பட்டு, இறுதி மினி 2000 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4 ஆம் நாள் லோங்பிறிட்ஜை விட்டு வெளியேறியது. அதற்குள் உடைமை ஜேர்மன் நாட்டுப் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்குச் சென்றிருந்தது. 1994 இல் வாங்கிய றோவர் நிறுவனத்தை 2000 இல் அது கைவிட்டபோது, மினி என்னும் பெயரையும் ஒக்ஸ்போட் தொழிற்சாலையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒக்ஸ்போட்டில் மொறிஸின் பழைய கூடங்கள் 1990 களில் இடிக்கப்பட்டுவிட்டன. புதிய மினி ஆக்கப்படுவது அடுத்திருந்த உடற்றகட்டுத் தொழிற்சாலையின் நிலத்தில்.

2001 இல் வந்த அப்புதிய மினியின் பெற்றோல் எஞ்சின் பிறந்த இடத்தைக் கேட்போர் நகைப்பர். தென்னமெரிக்காவின் பிறேசில் நாட்டிற் குறிற்றிபா நகருக்கு அணித்தான காம்போ லார்கோ என்னும் ஊர் அது! அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனமும் பி.எம்.டபிள்யூ.வும் 1997 இற் கூட்டாகத் திட்டமிட்டு, றைரெக் என்னும் பெயரில் அங்கே தொழிற்சாலை எழுப்பின. எஞ்சினைப் பெரும்பாலும் வரைந்தவர் கிறைஸ்லர்ப் பொறியியலாளர். 1998 இற் கிறைஸ்லர், பி.எம்.டபிள்யூ.வின் பரம்பரைப் போட்டியாளரான டைம்லரோடு இணைந்துவிட்டது. ஆங்கிலப் பெயரும் ஜேர்மன் உடைமையும் கொண்ட வண்டியின் நெஞ்சு, பகைவரும் பங்காளராயுள்ள தொழிற்சாலையிலிருந்து கடல்கடந்து வந்துகொண்டிருந்தது. இந்நிலை நெடிது நில்லாமை இயல்பே. 2006 இலிருந்து மினிக்கு வேறெஞ்சின் வந்தது; பிறேசிற் தொழிற்சாலையை 2008 இல் இத்தாலியப் பியற் நிறுவனம் வாங்கியது.

அவ்வேறெஞ்சினை வடிவமைத்தவர் மியூனிச்சில் இருந்த பி.எம்.டபிள்யூ.வினரும், பிரான்சின் பேஜோ–சித்ரோயன் நிறுவனத்தினரும். உறுப்புக்கள் பல வட பிரான்சின் டூவ்றன் என்னுமிடத்தில் ஆக்கப்பட்டன. மினிக்குரிய பெற்றோல் எஞ்சின்களைப் பூட்டும் பணி 2001 இற் திறக்கப்பட்ட ஹாம்ஸ் ஹோல் தொழிற்சாலைக்குக் கிடைத்தது. அத்தொழிற்சாலை இருப்பது பேர்மிங்காமுக்குக் கிழக்கே, பழைய மின்னிலையம் இருந்த நிலத்தில். லோங்பிறிட்ஜ் அந்நகரின் ஒரு புறம். ஹாம்ஸ் ஹோல் மறுபுறம். மினியின் எஞ்சின் பிறேசில் வரை சென்று, தான் பிறந்த நகரின் மறுவாயில் வழியே திரும்பி வந்தது. 2014 இன் மினியில் வந்தது மூன்றே உருளைகள் கொண்ட 1499 கன சென்ரிமீற்றர் எஞ்சின். உருளையொன்றுக்கு அரை இலீற்றர் என்பது பி.எம்.டபிள்யூ. வகுத்த விதி. மூன்றைக் கோத்தால் மினிக்கு. நான்கையோ ஆறையோ கோத்தால் பெருவண்டிகளுக்கு. பொறிவரிசைக்கு இசைய எஞ்சினை வரைதல் என்னும் பழைய கட்டாயம் இங்கே தொடக்கத்திலேயே விரும்பி மேற்கொண்ட கொள்கையாகிவிட்டது.

ஆக்கத்தின் இடமோ மேலும் சிதறியது. 2017 இல் வெளிவந்த செய்தியொன்று மினியின் கிராங்குத் தண்டின் பயணத்தை விரித்துரைத்தது. பிரான்சில் வார்க்கப்பட்ட தண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஹாம்ஸ் ஹோலுக்குச் சென்று கடையப்படும். பின்னர் மீண்டும் கால்வாயைக் கடந்து மியூனிச்சில் எஞ்சினுள் வைக்கப்படும். அவ்வெஞ்சின் மூன்றாம் முறை கடந்து ஒக்ஸ்போட் சென்று வண்டியிற் பூட்டப்படும். அவ்வண்டி ஐரோப்பாவில் விற்கப்படுமாயின் நான்காம் முறையும் கடத்தல் வேண்டும். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கத் துணிந்த வேளையில் இச்செய்தி பெரிதும் பேசப்பட்டது. ஒவ்வொரு கடப்பிலும் சுங்கம் விதிக்கப்படின் தண்டின் விலை யாதாகும் என்பதே தொழிலாளரின் கவலை.

லோங்பிறிட்ஜின் கதை வேறு. எம்.ஜி. றோவர் என்னும் பெயரில் எஞ்சியிருந்த நிறுவனம் 2005 ஏப்பிரலில் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே மாதத்தில் வேலையிழந்தனர். சீனாவின் நாஞ்சிங் மோட்டார் நிறுவனம் அவ்வாண்டிலேயே உடைமைகளை வாங்கி, எஞ்சின் ஆக்கும் பொறிகளைக் கழற்றிக் கப்பலேற்றிக் கொண்டுசென்றது. வரைபடங்களுக்குரிய உரிமைகளிற் பல முன்னரே ஷங்காய் நிறுவனமொன்றின் கைக்குச் சென்றிருந்தன. ஆதலின் சிறிது காலம் வரைபடம் ஒருவரிடமும் பொறி மற்றொருவரிடமும் இருக்க, இரு சீன நிறுவனங்களும் ஒரே எஞ்சின் குடும்பத்தைத் தனித்தனியே ஆக்க முயன்றன. லோங்பிறிட்ஜின் கூடங்களுட் பெரும்பகுதி இடிக்கப்பட்டு வீடுகளும் கடைகளும் எழுந்தன.

2023 இன் இறுதியில், மின்கலத்தால் ஓடும் புதிய மினி சீனாவின் சாங்சியாகாங் நகரில் ஆக்கப்படலாயிற்று. பி.எம்.டபிள்யூ.வும் கிறேற் வோல் என்னும் சீன நிறுவனமும் கூடி எழுப்பிய தொழிற்சாலை அது. வண்டியின் அடித்தளத்தையும் இரு நிறுவனத்தாரும் சேர்ந்தே வகுத்தனர். உருளையும் பிஸ்ரனும் கிராங்குத் தண்டும் அதில் இல்லை.